கப்பல் கழிவுநீரை ஊர்ச் சாக்கடையோடு இணைத்துவிட்டால் போதாதா?

சுற்றுச்சூழல் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கப்பலில் இருப்பவர்களும் நம்மைப் போலத்தான் குளிக்கிறார்கள், சமைக்கிறார்கள், கழிப்பறைக்குப் போகிறார்கள். அப்படியிருக்க, துறைமுகத்தில் ஒரு குழாய் போட்டுக் கப்பலின் கழிவுநீரை நகரத்தின் பாதாளச் சாக்கடையில் விட்டுவிட்டால் போதாதா? தனித் தொட்டி, தனிச் சுத்திகரிப்பு என்று எதற்கு?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அப்படியே இணைத்து, பல ஆண்டுகளாக ஒழுங்காக நடத்திவரும் துறைமுகங்கள் உண்டு. பின்லாந்தின் ஹெல்சின்கி அவற்றில் ஒன்று. ஆனால் அங்கே காரியம் நடப்பதற்குக் குழாய் மட்டும் காரணம் இல்லை. எது எதோடு கலக்கக் கூடாது என்பதில் அவர்கள் கறாராக இருக்கிறார்கள். கழிவைக் கொடுக்க வரும் கப்பலிடம் அதற்கென்று தனியாகக் காசு கேட்பதில்லை. இந்த இரண்டும் இல்லாத துறைமுகத்தில் எவ்வளவு விலையுயர்ந்த சுத்திகரிப்பு நிலையம் கட்டினாலும் அது பாதி நாள் வெறுமனே கிடக்கும், மீதி நாள் திணறும். கப்பலின் இயந்திர அறையிலும், பிறகு கரையில் கழிவு ஏற்கும் பக்கத்திலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கரையில் 'கழிவுநீர்' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறிப்பிடுகிறோம். கப்பலில் அது குறைந்தது நான்கு வேறு நீர். கழிப்பறையிலிருந்து வருவது பிளாக் வாட்டர். குளியலறை, சலவை, சமையலறையிலிருந்து வருவது கிரே வாட்டர். இயந்திர அறையின் அடித்தளத்தில் எண்ணெய், கடல்நீர், குளிர்விப்பு நீர், கழுவிய சோப்பு எல்லாம் சேர்ந்து தேங்குவது பில்ஜ் நீர். சரக்கு இறக்கிய பிறகு தொட்டியைக் கழுவும்போது வருவது நான்காவது. அதில் பாமாயிலும் இருக்கலாம், நச்சு இரசாயனமும் இருக்கலாம். கடல் மாசுத் தடுப்புக்கான மார்ப்போல் உடன்படிக்கை 1973இல் உருவாகி 1978இல் திருத்தப்பட்டது. அது இவற்றைத் தனித்தனிப் பின்னிணைப்புகளில் வைத்திருக்கிறது. முதல் இணைப்பு எண்ணெய்க்கு. 1983இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது நச்சுத் திரவச் சரக்குக்கு. நான்காவது கழிப்பறைக் கழிவுக்கு. அது நடைமுறைக்கு வர 2003 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குளியல் நீருக்கும் சலவை நீருக்கும் அந்த உடன்படிக்கையில் இன்றுவரை இடமே இல்லை. உள்ளூர்ச் சட்டம் தடுக்காத இடங்களில் கப்பல் அதை அப்படியே கடலில் விடலாம். இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

கழிப்பறைக் கழிவுக்கான விதி எளிமையானது. அரைத்துக் கிருமி நீக்கம் செய்திருந்தால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். எதுவும் செய்யாமல் தொட்டியில் சேர்த்து வைத்ததை 12 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் குறைந்தது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். கரைக்குக் கொடுக்க விரும்பும் கப்பலுக்குத் துறைமுகம் ஏற்பு வசதி தர வேண்டும் என்பதும் அதே இணைப்பில் இருக்கும் கடமை. பெருங்கடலுக்கு இந்த விதி பொருந்தும் என்று வாதிடலாம். பால்டிக் போன்ற கடலுக்குப் பொருந்தாது.

பால்டிக் கடலின் சராசரி ஆழம் ஐம்பத்தைந்து மீட்டர் அளவுதான். டென்மார்க்கின் குறுகிய நீரிணைகள் வழியாகத்தான் வெளிக்கடலோடு தொடர்பு. அதன் நீர் முழுவதும் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகும். உள்ளே போன நைட்ரஜனும் பாஸ்பரசும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஜூலை மாதத்தில் நீலப்பச்சைப் பாசி பாய் விரித்தாற்போலப் படர்கிறது. அது செத்து அடியில் விழுந்து அழுகும்போது ஆழ்நீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. கப்பல்களின் பங்கு வயல்களிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் வருவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் கப்பல் விடும் சத்து பாசி வளரும் கோடைக்காலத்தில், பாசி வளரும் மேல்நீரில், அது உடனே உறிஞ்சக்கூடிய வடிவத்தில் போய் விழுகிறது. அதனால் 'சிறிய பங்குதானே' என்று விட்டுவிடும் வாதத்தை நான் ஏற்பதில்லை.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2011இல் பால்டிக்கைக் கழிப்பறைக் கழிவுக்கான சிறப்புப் பகுதியாக அறிவித்தது. கழிவைச் சத்து நீக்காமல் அங்கே கடலில் விடக் கூடாது என்ற இந்தத் தடை பயணிகள் கப்பல்களுக்கு மட்டும். புதிய கப்பல்களுக்கு 2019 ஜூன் முதல் தேதியிலிருந்தும், பழையவற்றுக்கு 2021 ஜூன் முதல் தேதியிலிருந்தும் நடைமுறைக்கு வந்தது; ரஷ்யத் துறைமுகங்களுக்கு நேரே போய்வரும் கப்பல்களுக்கு மட்டும் 2023 வரை விலக்கு இருந்தது. அதன்படி ஒன்று, நைட்ரஜனையும் பாஸ்பரசையும் குறைக்கும் உயர்தரச் சுத்திகரிப்பு கப்பலிலேயே இருக்க வேண்டும்: பாஸ்பரஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அல்லது 80 சதவீதக் குறைப்பு, நைட்ரஜன் 20 மில்லிகிராம் அல்லது 70 சதவீதக் குறைப்பு. இல்லையென்றால் கழிவைக் கரையில் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது ஹெல்சின்கி. உல்லாசக் கப்பலும் எஸ்டோனியாவின் தாலினுக்குப் போய்வரும் படகுக் கப்பலும் அணையும் துறைகளில் சாக்கடை இணைப்பு இருக்கிறது. அங்கிருந்து கழிவு நகரக் குழாய்களில் சேர்ந்து வீக்கின்மாகி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. பாறையைக் குடைந்து நிலத்துக்கு அடியில் கட்டிய அந்த நிலையம் 1994இல் தொடங்கியது. 8 லட்சம் பேருக்கு மேல் அதை நம்பியிருக்கிறார்கள். இரும்பு உப்பு போட்டுப் பாஸ்பரசைப் படிய வைக்கிறார்கள், நுண்ணுயிரிகளைக் கொண்டு நைட்ரஜனை நீக்குகிறார்கள், கசடைச் செரிக்க வைத்து எரிவாயு எடுக்கிறார்கள். தெளிந்த நீர் பாறைச் சுரங்கம் வழியாகக் கரையிலிருந்து தள்ளிக் கடலில் சேர்கிறது.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் வெளியிட்ட உல்லாசக் கப்பல் மதிப்பீட்டின்படி ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குக் கழிப்பறைக் கழிவு ஏறத்தாழ 30 லிட்டர், குளியல் சமையல் நீர் ஏறத்தாழ 250 லிட்டர். பயணிகளும் ஊழியர்களுமாக 4,000 பேர் உள்ள கப்பல் என்றால் ஒரு நாளைக்கு 120 கன மீட்டரும் 1,000 கன மீட்டரும். கப்பல் காலை எட்டு மணிக்கு வந்து மாலை நான்கு மணிக்குப் போய்விடும். அந்த எட்டு மணி நேரத்தில் ஒரு நாள் கழிவு முழுவதையும் வாங்க மணிக்கு 140 கன மீட்டர் ஓட வேண்டும். டேங்கர் லாரியில் எடுப்பதென்றால் 20 கன மீட்டர் லாரி ஐம்பத்தாறு நடை. எந்தக் கப்பல் தலைவரும் அதற்காகக் காத்திருக்க மாட்டார். ஆகவே பயணிகள் துறைக்கு நிலையான குழாய் ஒன்றே வழி.

வீக்கின்மாகிக்கு நாளொன்றுக்கு இரண்டரை லட்சம் கன மீட்டருக்கு மேல் வருகிறது. ஆயிரம் கன மீட்டர் அதில் கரைந்துவிடும். அதே கப்பல் 5,000 பேர் வாழும் தீவு நகரம் ஒன்றில் நின்றால்? அந்த ஊரின் நிலையமே நாளுக்கு ஆயிரம் கன மீட்டருக்காகக் கட்டியதாக இருக்கும். எட்டு மணி நேரத்தில் ஊர் இரட்டிப்பாகி, மாலையில் மறுபடி சுருங்கிவிடும். நுண்ணுயிரிகள் அப்படி ஒரே நாளில் பெருகிச் சுருங்குவதில்லை. வண்டல் தொட்டியிலிருந்து அவை நீரோடு அடித்துச் செல்லப்படும். அதனால் அங்கே துறையிலேயே ஒரு சமநிலைத் தொட்டி வேண்டும். கப்பலிடமிருந்து வேகமாக வாங்கி, இரவு முழுவதும் மெதுவாகச் சாக்கடைக்கு விட வேண்டும். தனித் தொட்டி எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நாற்றம். அதை வெறும் அசௌகரியமாக நினைத்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பிய கழிவு சில மணி நேரத்தில் நிலையத்தை அடைந்துவிடுகிறது. கப்பலின் தொட்டியிலோ அது நாள்கணக்கில் காற்றில்லாமல் கிடக்கிறது. வெற்றிடக் கழிப்பறை ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் அளவு நீரைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே வருவது ஊர்க் கழிவைவிடப் பல மடங்கு கெட்டியானது. பழைய சரக்குக் கப்பல்கள் கடல்நீரையே ஊற்றிக் கழுவுகின்றன. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் அளவு சல்பேட் இருக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்த தொட்டியில் பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிட்டு, ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன.

ஒரு துறைமுகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது நாள் சேர்த்து வைத்த தொட்டியோடு ஒரு சரக்குக் கப்பல் வந்தது. ஹோஸ் மாட்டுவதற்காக மூடித் தகட்டின் போல்ட்களைத் தளர்த்தினோம். முதல் போல்ட் இளகியதும் அழுகிய முட்டை வாடை குப்பென்று அடித்தது. இரண்டாவது போல்ட்டுக்குப் போவதற்குள் வாடை நின்றுவிட்டது. என் பக்கத்தில் இருந்த இளைஞர் "அடங்கிவிட்டது அண்ணா" என்று சொல்லிக் குனிந்தார். அவர் சட்டைப்பையில் இருந்த வாயுமானி அலறிக்கொண்டிருந்தது. தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இந்த வாயு காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கை நெருங்கும்போது மூக்கின் உணர்வை மரக்கச் செய்துவிடும்; நாற்றம் மறைவதுதான் மிக மோசமான அறிகுறி. இன்னும் சில மடங்கு கூடினால் ஆள் அங்கேயே விழுவார். எங்களுக்கு அன்று எதுவும் ஆகவில்லை. அதற்குப் பிறகு, காற்று வரும் திசையில் தள்ளி நிற்காமல், வாயுமானியைப் பார்க்காமல் யாரையும் ஸ்பேனரைத் தொட நான் விட்டதில்லை.

ஆளைக் கொல்லும் அதே வாயு குழாயையும் தின்கிறது. சாக்கடையின் மேல்வளைவில் ஈரத்தில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன; கான்கிரீட் மாவாக உதிர்கிறது. நீர் அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையில் (pH 7) இருந்தால் சல்பைடின் பாதியளவு வாயுவாக வெளியேறத் தயாராக இருக்கும்; நீர் அமிலமாகத் திரும்பினால் ஏறக்குறைய முழுவதும். ஆகவே ஏற்புத் தொட்டியில் காற்று ஊத வேண்டும், அல்லது இரும்பு உப்போ கால்சியம் நைட்ரேட்டோ ஹைட்ரஜன் பெராக்சைடோ சேர்க்க வேண்டும், வெளியேறும் காற்றை வடிகட்ட வேண்டும். பிறகுதான் அதை ஊர்ச் சாக்கடையில் விடலாம். கப்பல் கழிவைக் காற்றூட்டித் தெளிய வைக்காமல் அவசரமாக இணைத்த இடங்களில், முதலில் புகார் கொடுப்பவர்கள் துறைமுகத்தை ஒட்டிய தெருவாசிகள்தான்.

மூன்றாவது உப்பு. நிலையான உப்புக்கு நுண்ணுயிரிகள் பழகிக்கொள்ளும். திடீர் ஏற்ற இறக்கத்தில்தான் அவை சாகின்றன. ஆய்வகத்திலும் உப்பு ஏமாற்றும். நீரின் மாசளவைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவையை (COD) டைக்குரோமேட் முறையில் அளக்கும்போது உப்பிலுள்ள குளோரைடும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, இல்லாத மாசை இருப்பதாகக் காட்டும். பாதரச சல்பேட் சேர்த்து அதை அடக்க வேண்டும். குளோரைடு மிக அதிகமானால் அதுவும் போதாது. கப்பல் கழிவின் அறிக்கையில் அசாதாரணமான எண்ணைப் பார்த்தால் நான் முதலில் குளோரைடு எவ்வளவு என்றுதான் கேட்பேன்.

எண்ணெய் நீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஏற்பு வசதியின் பெரிய சண்டை அங்கேதான் நடக்கிறது, அதனால் சொல்லாமல் விட முடியாது. பில்ஜ் நீரைக் கப்பலிலேயே பிரித்து, எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மிகாமல் இருந்தால் கடலில் விடலாம். மீதமுள்ள கசடையும், பிரிய மறுக்கும் நீரையும் கரையில்தான் கொடுக்க வேண்டும். பிரிப்பதன் அடிப்படை புவியீர்ப்பு: எண்ணெய்த் துளி மேலே வர வேண்டும். துளியின் விட்டம் 0.1 மில்லிமீட்டர், அடர்த்தி நீரில் பத்தில் ஒன்பது பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் உயர அதற்கு அரை மணி நேரம் போதும். விட்டம் பத்தில் ஒன்றானால் நேரம் நூறு மடங்கு, இரண்டு நாள். இன்னும் பத்தில் ஒன்றானால் ஏழு மாதம். தளத்தைக் கழுவும் சோப்பு எண்ணெயைச் சரியாக அந்தக் கடைசி அளவுக்கு உடைத்துவிடும். ஆய்வாளர் வருகிறார் என்று இயந்திர அறையைப் பளபளவென்று கழுவிய மறுநாள், எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டரின் அலாரம் நிற்காமல் அடித்ததை ஒவ்வொரு கப்பல் பொறியாளரும் பார்த்திருப்பார்.

அந்தப் பால் போன்ற நீரைக் கரையில் சூடாக்கி நிற்க வைக்கிறோம். மேலே வந்த எண்ணெயை வழித்தெடுத்த பிறகு, நடுவில் உள்ளதற்குப் படிகாரமோ பெரிக் குளோரைடோ போட்டுத் துளிகளின் மின்சுமையைக் குலைத்து ஒன்றுசேர வைக்கிறோம். அடுத்தது மிதவைத் தொட்டி. நான்கைந்து வளிமண்டல அழுத்தத்தில் காற்றைக் கரைத்த நீரை அதன் அடியில் விட்டதும், சோடா புட்டியைத் திறந்தாற்போல நுண்குமிழிகள் கிளம்பி எண்ணெய்த் திரளைச் சுமந்துகொண்டு மேலே வரும். கண்ணாடிக் குடுவையில் செய்து பார்த்தால், சில நிமிடங்களில் சாம்பல் நிற நுரை மேலே கட்டி அடியில் நீர் தெளிவதைக் காணலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. அதன் பிறகே உப்புக்குப் பழகிய நுண்ணுயிரித் தொட்டியும் கரி வடிகட்டியும். இந்த எண்ணெய் நீரை ஒரு லாரி அளவு கழிப்பறைக் கழிவோடு கலந்துவிட்டால் இரண்டையும் கெடுத்தோம் என்று அர்த்தம்: எண்ணெய் நுண்ணுயிரியைக் கொல்லும், மலத்தின் நுண்துகள் எண்ணெயைப் பிரியவிடாது.

விதி எழுதியவர்கள் இதை இரும்பிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். கழிப்பறைக் கழிவைக் கரைக்குக் கொடுக்கும் தரப்படுத்தப்பட்ட குழாய் இணைப்பு 210 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 170 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு போல்ட். எண்ணெய்க் கழிவுக்கானது 215 மில்லிமீட்டர், 183 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு போல்ட். ஒன்றின் ஹோஸ் மற்றதில் பொருந்தாது. அதைப் பொருத்துவதற்கு இடைத் தகடு செய்து வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரைக் கண்டால் அன்றே வேலையை நிறுத்துங்கள்.

கடைசியாகக் காசு. கரீபியன் பிரின்சஸ் என்ற உல்லாசக் கப்பலில் செப்பரேட்டரைத் தவிர்த்து எண்ணெய் நீரை நேரே கடலுக்கு விடும் குழாய் ஒன்று இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் 2013இல் அதை அதிகாரிகளிடம் சொன்னார். 2016 டிசம்பரில் பிரின்சஸ் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்ட உடன்பட்டது. துறைமுகத்தில் முறையாக இறக்கினால் செலவு அதிகம் என்று தலைமைப் பொறியாளர் சொன்னதாக அமெரிக்க அரசுத் தரப்பு பதிவு செய்தது. கழிவைக் கொடுப்பவனுக்குச் செலவு, கடலில் விடுபவனுக்கு மிச்சம் என்ற ஏற்பாடு இருக்கும்வரை குழாய்கள் முளைத்துக்கொண்டுதான் இருக்கும்.

பால்டிக் நாடுகள் அதை மாற்றின. கழிவைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் துறைமுகக் கட்டணத்திலேயே அதன் செலவு சேர்ந்திருக்கும். எப்படியும் பணம் கட்டியாகிவிட்டது என்றால், கொடுத்துவிட்டுப் போவதுதான் கப்பலுக்கு லாபம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஏற்பு வசதிச் சட்டமும் இந்த மறைமுகக் கட்டணத்தைக் கட்டாயமாக்கியது. குப்பைக்கு முழுமையாக, மற்றவற்றுக்குப் பகுதியாக. என்னைக் கேட்டால் கழிப்பறைக் கழிவையும் முழுமையான பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். கசடு எண்ணெயை மீட்டு விற்கலாம், அதனால் அதை வாங்க ஆள் வருவார்கள். மலநீரை விலை கொடுத்து வாங்க யாரும் வர மாட்டார்கள்.

ஹெல்சின்கியின் முறையைத் தூத்துக்குடிக்கு அப்படியே கொண்டுவரலாமா என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கட்டண முறையைக் கொண்டுவரலாம், அதற்குத் தடை இல்லை. பக்கத்திலேயே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப் பாறைகளும் இருக்கும்போது கொண்டுவரவும் வேண்டும். தொழில்நுட்பத்தை அப்படியே எடுக்க முடியாது. பின்லாந்து வளைகுடாவின் நீரில் லிட்டருக்கு 5, 6 கிராம்தான் உப்பு. நம் கடலில் 35 கிராமை ஒட்டி. அங்கே பத்து டிகிரியில் மந்தமாக இருக்கும் சல்பைடு உற்பத்தி, முப்பது டிகிரியில் கிடுகிடுவென்று நடக்கும். அங்கே வருவது பெரும்பாலும் நன்னீர் பயன்படுத்தும் பயணிகள் கப்பல். இங்கே வருவது இருபது, இருபத்தைந்து பேர் உள்ள சரக்குக் கப்பல். அதன் கழிவு ஒரு வாரத்துக்கும் சில கன மீட்டர்தான், ஆனால் கெட்டி, உப்பு, அழுகியது. இங்கே துறைக்குத் துறை குழாய் போடுவது வீண். காற்றூட்டும் வசதியுள்ள ஒரு லாரி, துறைமுகத்துக்குள் ஒரு சமநிலைத் தொட்டி, அதிலிருந்து அளவாக நகர நிலையத்துக்கு. உங்கள் திட்டப்பணியை இந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவமைப்பில் இறங்குவதற்கு முன் பத்துக் கப்பல்களின் தொட்டியிலிருந்தாவது மாதிரி எடுங்கள். குளோரைடு, கரைந்த சல்பைடு, அமில-கார அளவு (pH), எண்ணெய்-கொழுப்பு ஆகிய நான்கையும் பாருங்கள். கழிவு எத்தனை நாள் தொட்டியில் கிடந்தது என்பதைத் தலைமைப் பொறியாளரிடம் கேட்டு அதே தாளில் எழுதுங்கள். சல்பைடு மாதிரியை விளிம்புவரை நிரப்பி, துத்தநாக அசிடேட் போட்டு, அங்கேயே மூடிவிட வேண்டும். ஆய்வகத்துக்கு வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துவந்தால், வழியிலேயே பாதி காற்றில் போயிருக்கும்.